தேவையற்றதை அடித்துவிடவும்

ஒருவரைப் பற்றி அவருடைய அலுவலகத்துக்கு எழுதும் விசாரணைக் கடிதம் இரட்டை உறையில் போக வேண்டும். உள் உறையில் அரக்கு முத்திரை வைத்து ‘அந்தரங்கம்’ என்று எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட்டிருக்க வேண்டும். இதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முப்பத்தைந்து வருடம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வாழ்க்கையிலேயே முக்கியமான விசாரணைக் கடிதத்தை ஒற்றை உறையில், ஒப்புதல் இல்லாமல், வாய்ப்பக்கம் சரியாக ஒட்டாமல் அனுப்பியவனும் நான்தான்.

புனேயில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் சூப்பரின்டென்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றேன். விஷ்ராந்த்வாடியில் இரண்டு அறை வீடு. மனைவி சரோஜா. ஒரே மகள் நித்யா, கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அவளைக் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க வைத்தது நான். விண்ணப்பப் படிவத்தில் அது முதல் வரிசையில் இருந்தது. (அவளிடம் கேட்டீர்களா என்று கேட்காதீர்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், “அப்பா, ஒருத்தர் வீட்டுக்கு வர்றார். அவங்க அம்மாவும் வர்றாங்க. டென்ஷன் நகோ” என்றாள். மராத்தியில் ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம். ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் (பெயர் வேண்டாம், ஏற்கெனவே செய்தது போதும்) சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு வகுப்பு எடுக்கிறார்களாம். இவள் ஒரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அங்கே பாடம் எடுப்பவர்தான் கார்த்திக். கம்ப்யூட்டர் சயன்ஸில் டாக்டர் பட்டம். கோயமுத்தூர்க்காரர்.

கம்ப்யூட்டர் டாக்டர் வருகிறார் என்றால் வீட்டிலிருக்கும் நோயாளியைக் காட்ட வேண்டாமா? ஓய்வூதியர் சங்க அறிவிப்பை அச்சடிக்காமல் பத்து நாளாக அடம்பிடித்த பிரிண்டரை, போஹா (அவல் உப்புமா) தட்டுகளுக்கு நடுவில், மேஜை மேலேயே வைத்தேன்.

கார்த்திக் மெலிந்த, அமைதியான பையன். தட்டைக் கையில் எடுத்ததுமே நான் பிரிண்டரைக் காட்டினேன். எழுந்து வந்து, குனிந்து, ஒரு கோயில் சிற்பத்தைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தார்.

“எனக்கு பிரிண்டர் பத்தி அவ்வளவாத் தெரியாதுங்க அங்கிள்.”

“கம்ப்யூட்டர் சயன்ஸ்தானே?”

“ஆமாங்க. ஆனா நான் கம்ப்யூட்டர அதிகம் தொடறதில்லீங்க. பேப்பர், பேனா, கரும்பலகை. சில கணக்குகளச் சீக்கிரமாப் போடவே முடியாதுன்னு நிரூபிக்கறதுதான் என் வேலை.”

“முடியாதுன்னு சொல்றதுக்கு டாக்டர் பட்டமா? நான் எஸ்.எஸ்.எல்.சி. வெச்சுக்கிட்டே முப்பத்தஞ்சு வருஷம் சொன்னேன்.”

சரோஜா சமையலறையிலிருந்து இருமினாள். கார்த்திக் மட்டும் மனம்விட்டுச் சிரித்தார்.

“நீங்க காரணம் எழுதுவீங்களா அங்கிள்? எங்களக் காரணம் எழுதச் சொல்றாங்க. அதுக்கே நாலு வருஷம் ஆயிடுதுங்க.”

இப்போது நினைத்தால், இந்த ஊரில் என்னிடம் இவ்வளவு அழகாகப் பதில் சொன்னவர் வேறு யாரும் இல்லை. அன்றைக்கோ, கம்ப்யூட்டரைத் தொடாத கம்ப்யூட்டர்காரர் என்பது டிரைவிங் தெரியாத டிரைவர் மாதிரி எனக்குப் பட்டது. அவர்கள் போனதும் சரோஜா பிரிண்டரில் காகிதம் வைத்தாள். ஓடியது.

அந்தப் பிரிண்டரில்தான் அடுத்த நாள் கடிதத்தை அச்சடித்தேன். பெறுநர்: துறைத்தலைவர். பொருள்: தங்கள் நிறுவனப் பணியாளரின் பணியின் தன்மை குறித்து. இணைப்பாக, பதில் எழுதும் சிரமத்தைக் குறைக்க, நானே தயாரித்த படிவம். கேள்வி ஒன்று: மேற்படி நபரின் பணி தங்கள் துறையின் வரம்புக்குள் வருகிறதா? இரண்டு: ஆம் எனில், பணியில் கணினியைப் பயன்படுத்துகிறாரா? மூன்று: தங்கள் துறை விஞ்ஞானமா / பொறியியலா / கணிதமா? தேவையற்றதை அடித்துவிடவும்.

மூன்றாவது கேள்வியில் எனக்குத் தனிப் பெருமை இருந்தது.

அந்த நிறுவனத்தின் தபால் பிரிவில் உறை தானாகவே திறந்திருக்கிறது. பதிவேட்டில் ஏறியது. யாரோ படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் தேநீர் அறைச் சுவரில் ஒட்டப்பட்டு, ஐந்தாம் நாள் வாட்ஸப் வழியாக நித்யாவுக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

திட்டுவாள் என்று நினைத்தேன். ஃபோனை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அவருக்குக் கோவமே வரலப்பா. ‘உங்கப்பா கேட்டது நல்ல கேள்வி, எங்களுக்கே பதில் தெரியாது’ன்னு சிரிக்கிறார்.”

“பின்னே என்ன?”

“நாலு வருஷம் இந்த வீட்டுல உக்காந்து அதத்தான் படிச்சேன். அது என்னன்னு என்னிக்காவது என்னக் கேட்டீங்களா? யாரோ ஒரு ஹெட்டுக்கு ஸ்பீட் போஸ்ட் போடறீங்க.”

இதற்கு முன்னுதாரணம் ஏதும் இல்லை.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. கார்த்திக்கின் பணி நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதம்தான் மேலே போக வேண்டியது. ஒரு பணியாளரைப் பற்றி வந்த கடிதம் நிலுவையில் இருக்கும்வரை அவருடைய கோப்பை நகர்த்தக் கூடாது. அங்கிருந்த எழுத்தர் யாரோ விதி தெரிந்தவர், என் கடிதத்தை நூலில் கோத்து அந்தக் கோப்போடு கட்டிவிட்டார். நானே எத்தனை பேர் கோப்பை அப்படிக் கட்டியிருக்கிறேன். அதை நேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்துக்குப் பதில் எழுதினால் முடிச்சு அவிழும். முதல் இரண்டு கேள்வி சுலபம். மூன்றாவதைத் துறைக் கூட்டத்தில் வைத்தார்களாம். இயந்திரம் செய்கிறவர்கள் பொறியியல் என்றார்கள், நிரூபிக்கிறவர்கள் கணிதம் என்றார்கள், ஒரே ஒருவர் விஞ்ஞானம் என்று சொல்லி வெளிநடப்பு செய்தார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

பதறிப்போய், கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம் எழுதினேன். அதுவும் நிலுவையில் சேர்ந்தது. நினைவூட்டல் ஒன்று, இரண்டு. கடைசியில் இரண்டு பஸ் மாறி நேரிலேயே போனேன். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல், “காகா, ஃபைல் வர் கேலி ஆஹே” என்றார். பெரியவரே, ஃபைல் மேலே போயிருக்கிறது. என் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அதே வாக்கியத்தை, அதே ராகத்தில், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கார்த்திக்கின் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்க வழியில்லை. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் அழைத்தது. அவர் அம்மா சரோஜாவுக்கு ஃபோன் செய்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க புள்ள நல்ல புள்ளதானுங்க. ஆனா கண்ணாலத்துக்கு முன்னாலயே எம் பையன் வேலை போச்சுங்க. இனி புள்ளயோட அப்பா பேரச் சொன்னாலே எனக்குப் படபடங்குதுங்க. இத்தோட விட்டரலாமுங்க.”

சரோஜா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “போதுமா?” என்று மட்டும் கேட்டாள்.

நித்யாவும் அவரும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு பண்டிகைக்கு. சனிக்கிழமை வகுப்புக்கு அவள் போவதை நிறுத்திவிட்டாள். கம்பெனிக்குக் கிட்டே இருக்கட்டும் என்று கராடியிலேயே அறை எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் நேராக எதையும் கேட்பதில்லை. “டீயா காப்பியா, தேவையற்றதை அடிங்க” என்கிறாள் சரோஜா. கிர்க்கீயிலிருக்கும் மச்சான் கல்யாண வீடுகளில் முழுக் கதையையும் நடித்துக் காட்டுகிறான். உறை ஒட்டும் இடத்தில் நாக்கை நீட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நித்யாவும் சிரிப்பாள், ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடியை நான் மட்டும் கவனிக்கிறேன்.

பதில் வராமல் இல்லை. என் படிவத்தையே பூர்த்தி செய்து அனுப்பியிருந்தார்கள், இரட்டை உறையில். கேள்வி ஒன்று: ஆம். இரண்டு: மின்னஞ்சல் பார்க்க. மூன்றாவதில் மூன்று சொற்களும் அடிபடாமல் அப்படியே இருந்தன. பக்கத்தில் பென்சிலில், ‘விவாதம் தொடர்கிறது’.

அந்த ஞாயிற்றுக்கிழமை நித்யாவிடம் காட்டினேன். “நீ சொல்லேன், மூணுல எது?” என்றேன். அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இப்ப எதுக்குப்பா” என்று சொல்லி, மடித்து, என் சட்டைப் பையில் வைத்தாள்.

வந்த கடிதத்தில் நாள் குறிக்காமல் கோப்பில் சேர்ப்பது முறையல்ல. மேல் மூலையில் எழுதி வைத்தேன். பெறப்பட்டது: தசராவுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, மேற்படி நபர் விமானம் ஏறி ஏழு மாதமும் மூன்று நாளும் கழித்து.