கொம்பு முளைத்த பூச்சி

எள்ளளவு பூச்சி. அதன் உணர்கொம்பு ஒடிந்தால் சத்தம் கேட்காது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஹோல்கருக்குக் கேட்டது.

"போச்சு!" என்றார்.

"என்ன போச்சு?" என்று கேட்டார் அவர் மனைவி கெர்டா, அடுப்பிலிருந்து ஏலக்காய் பன் தட்டை இழுத்தபடி.

"இடது கொம்பு."

"இன்னொண்ணு இருக்கில்ல? மாட்டுக்கு ஒரு கொம்பு ஒடிஞ்சா வித்துடவா செய்யறோம்?"

மாடு வேறு, லேஸ் பூச்சி வேறு. ஓலாந்து தீவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ஹோல்கர். விடுமுறை நாளெல்லாம் சுண்ணாம்புப் பாறைமேல் குப்புறப் படுத்துப் பாசியைச் சலித்து, அதில் வாழும் லேஸ் பூச்சிகளைத் தேடுவார். புதிய இனம் கிடைத்துவிட்டதென்று இரண்டு தடவை ஸ்டாக்ஹோமுக்குப் பூச்சி அனுப்பியிருந்தார். லேஸ் பூச்சிகளில் கரை கண்டவரான டாக்டர் சிக்ரிட் இரண்டு தடவையும் ஒரே வரிதான் எழுதினார்: "கால், கொம்பு முழுசாக இல்லாத பூச்சியை நான் பார்ப்பதில்லை."

மூன்றாவது தடவை ஹோல்கர் உஷாராகி, "சேதாரமே இல்லை, நேரில் வாருங்கள்" என்று எழுதினார். டாக்டர் இன்று மூன்று மணிக்கு வருகிறார். இப்போது இரண்டு. இந்த ஐம்பத்தாறு வயதில் ஒரு தடவையாவது, நீ சொன்னது சரி என்று அந்த அம்மாள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் ஹோல்கரின் ஒரே ஆசை.

பூச்சியைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். வெறும் கண்ணுக்கு அது தூசி. நுண்ணோக்கியில் வைத்தால் வாய் பிளந்துவிடும். தலைக்கு மேல் சின்ன முக்காடு, முதுகில் மூன்று வரப்பு, இறக்கை முழுக்கக் கண்ணாடி பதித்ததுபோல் லேஸ் துணி போல் கட்டம் கட்டமாக வலை. கழுத்தின் இருபுறமும் ஒரு தகடு. அந்தத் தகட்டில் எத்தனை வரிசைக் கட்டம் என்று எண்ணித்தான் இது இந்த இனம், அது அந்த இனம் என்று பிரிக்கிறார்கள். மற்ற பாசிப் பூச்சிகளுக்கு இரண்டு வரிசை, ஹோல்கருடையதற்கு மூன்று. இத்தனை வேலைப்பாட்டையும் அது யார் கண்ணிலும் படாத பாசிக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஹோல்கர் ஊசி முனையில் பசை தொட்டு, ஒடிந்த கொம்பை ஒட்டப் போனார். பசை வலது கொம்பில் பட்டது. ஊசியை எடுத்தார், அந்தக் கொம்பும் ஒடிந்து கூடவே வந்தது. அதையும் இடது கொம்பு கிடந்த காகிதத்தில் வைத்தார்.

"இப்ப ரெண்டு பக்கமும் சமமாயிடுச்சு," என்றார் கெர்டா.

"கிண்டல் பண்ணாத, கெர்டா!"

"சரி, சரி. அய்யோ, என்ன இந்தப் பசை இப்படி நாறுது!" என்று கெர்டா ஜன்னலைத் திறந்தார். கடற்காற்று ஒரே வீச்சில் உள்ளே வந்தது. காகிதத்தில் கிடந்த இரண்டு கொம்பையும் காணோம்.

இருவரும் தரையில் தவழ்ந்தார்கள்.

"இந்தா, கிடைச்சிடுச்சு!"

ஹோல்கர் அதை வாங்கிப் பார்த்தார். ஏலக்காய் நார்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஹோல்கர் பழைய பூச்சிப் பெட்டியைத் திறந்தார். கொம்பு இரவல் வாங்கலாம் என்று யோசனை. மற்ற பாசிப் பூச்சிகள் காய்ந்து போயிருந்தன, தொட்டதும் கொம்பு பொடிந்தது. உடையாமல் இருந்தது ஒன்றே ஒன்று, பூவுக்குள் குடியிருக்கும் பூச்சி; இனம்கூட இல்லை, பல இனங்களை அடக்கிய பேரினமே வேறு. அதன் கொம்பு கதாயுதம் போல் தடிமன். வேறு வழியில்லை, அதையே ஒட்டினார்.

"டாக்டர் தகட்டைத்தான் எண்ணப் போறாங்க," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "எண்ணி முடிச்சதும் உண்மையைச் சொல்லிடறேன்."

"நான் ஒரு தடவை பாக்கட்டா?" என்று கெர்டா குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "அடேயப்பா! இருபது வருஷமா நீ இதையா பாத்துக்கிட்டிருந்த? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"தினமும் சொன்னேனே."

"பூச்சின்னுதான சொன்ன!"

வாசல் மணி அடித்தது. டாக்டர் சிக்ரிட் காப்பியை மறுத்துவிட்டு நேரே நுண்ணோக்கிக்குப் போனார். அவருடைய ஆய்வகத்தில் ஆரம்பத்திலிருந்தே வேலை பார்க்கும் ரூனே, பின்னாலேயே பையைச் சுமந்து வந்தவர், மறுக்காமல் வாங்கிக்கொண்டு இரண்டாவது பன்னுக்கும் கை நீட்டினார்.

டாக்டர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குமிழைத் திருகி மறுபடியும் பார்த்தார்.

"இந்தக் கொம்பு..." என்றார்.

ஹோல்கர் அவசரமாகக் குறுக்கிட்டார். "டாக்டர், அந்தத் தகட்டைப் பாருங்க, மூணு வரிசை..."

"தகடு கிடக்கட்டும்! பாசிப் பூச்சி உடம்பு, தடிச்ச கொம்பு! முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒண்ணு எனக்குக் கிடைச்சுது. அதை வச்சுத்தான் தனிப் பேரினமே உண்டாக்கினேன். ஒத்தைப் பூச்சிக்கு ஒரு பேரினமான்னு சிரிக்காத ஆள் இல்ல. அன்னிலேருந்து இன்னொண்ணைத் தேடறேன். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க, ஹோல்கர்! நாளைக்கே கட்டுரை எழுதறேன், உங்க பேரோட!"

டாக்டர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர். ஹோல்கர் வாழ்நாளெல்லாம் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பேரும் புகழும் வீடு தேடி வந்துவிடும். கெர்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அது அதோட கொம்பு இல்ல," என்றார் ஹோல்கர். "சொந்தக் கொம்பு ஒடிஞ்சு தொலைஞ்சு போச்சு. கொஞ்ச நேரம் முன்னாடி நான்தான் ஒட்டினேன். பெட்டியில அந்தத் தடிச்சதுதான் உடையாம இருந்துச்சு."

இந்த இடத்தில் எனக்கு ஹோல்கரை ரொம்பப் பிடிக்கும்.

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போகட்டும். உண்மையைச் சொன்னீங்களே, அது பெரிசு. என்னோட முதல் பூச்சி ஒண்ணு போதும் அந்தப் பேரினத்துக்கு. அது பத்திரமா இருக்கு. அதுல யாரும் கை வைக்கல."

ரூனே பன்னைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர்," என்றார், "அன்னிக்கு நம்ம பெட்டியிலயும் அந்தத் தடிச்சதுதான் உடையாம இருந்துச்சு."