பத்துக் கோடியே ஏழாம் மேசை

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசை எண் பத்துக் கோடியைத் தாண்டித்தான் ஆரம்பமாகும். ஒன்று, இரண்டு என்று கொடுத்தால் அலுவலகம் சின்னதாகத் தெரிகிறதாம்.

அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் மிகச் சிறிய எண் எதுவோ, அந்த எண்ணுள்ள மேசை கையெழுத்திட்டால்தான் நெல் எடைக்குப் போகும். பாரபட்சத்தை ஒழிக்கக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வழி. எந்த மேசை என்பது முறை வரும்போதுதான் தெரியும். மூன்றாவதாக நின்ற நாகம்மாளின் எண்ணை 643தான் வகுத்தது. 643ஆம் மேசை திருக்காட்டுப்பள்ளியில் இருந்தது. பாவம், மூன்று பஸ் மாறிப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தாள்.

ஏழாவது ஆள் நெய்னா முகம்மது. எண், பத்துக் கோடியே ஏழு.

நிலைய அதிகாரி வசிஷ்ட் உதட்டைப் பிதுக்கினார். "பாய், இது பகா எண். எதாலயும் வகுபடாது. உங்களுக்கு மேசை இல்லை."

"சார், நெல்லு களத்துல குவிஞ்சு கிடக்கு. கிழக்கே கருத்துட்டு வருது. நனைஞ்சா ஈரப்பதம்னு தள்ளிடுவீங்க."

"கண்டிப்பாத் தள்ளுவோம்."

"ஒன்னால வகுபடுமே?"

"ஒன்னாம் மேசை நான். எல்லா எண்ணும் ஒன்னால வகுபடும். அப்புறம் எல்லா வேலையும் நானே பார்க்கணும். நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்?"

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். "ஏம்ப்பா நெய்னா, எட்டாவதா வந்து நின்னிருக்கலாம்ல?"

தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி கமருன்னிஸா நிமிர்ந்தாள். "சார், அந்த எண்ணு அதே எண்ணால வகுபடும்ல?"

வசிஷ்ட் கம்ப்யூட்டரைக் கேட்டார். வகுபடும் என்றது.

"அப்ப பத்துக் கோடியே ஏழாம் மேசையைப் போடுங்க."

"போடலாம்மா. உட்கார ஆள்?"

"இவங்க சும்மாத்தானே நிக்கிறாங்க!" என்று கணவனைக் காட்டினாள்.

மேலிடத்து ஒப்புதலின் பேரில் அன்று பிற்பகலே மேசை போடப்பட்டது. நெய்னா அமர்ந்தார். (மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவரை அவன் என்று எழுதக் கூடாது.) தம் விண்ணப்பத்தைத் தாமே பரிசீலித்து, இரண்டு குறை கண்டுபிடித்து, தாமே திருத்தி, கையெழுத்திட்டார். கடைசி மூட்டை உள்ளே போனதும் தூறல் விழுந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

மறுநாள் என் முறை. பத்துக் கோடியே முப்பத்தேழு. அதுவும் பகா எண்ணாம். நேரே நெய்னாவிடம் போனேன்.

அவர் வகுத்துப் பார்த்தார். "மீதி முப்பது வருதே மாமா."

"எனக்கும் ஒரு மேசை போடச் சொல்லுப்பா."

"இந்த மேசை காலியானாத்தான் புது மேசைன்னு விதி வந்திருக்கு."

"எவன் போட்ட விதி அது?"

"நான்தான் மாமா. அதிகாரின்னு உட்கார்ந்தா ஒரு விதியாவது போட வேண்டாமா?"

கிழக்கே மறுபடி கருத்தது. எனக்குப் பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பினேன். வரிசையில் எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற ஜாஹித். அவன் எண், பத்துக் கோடியே முப்பத்தொன்பது.

சிரிக்கட்டும். அதையும் நான் வகுத்துப் பார்த்துவிட்டேன். எதாலும் வகுபடவில்லை.