சூடு கூடக் கூடாது

ஃபிரிட்ஜைத் திறந்ததும் மெக்கானிக்கின் முகத்தில் அனல் அடித்தது.

ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து அனல் வந்து அவர் தன் தொழிலில் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. உள்ளே நூறு வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பல்புக்குக் கீழே கூடை. கூடைமேல் துணி. துணிக்கு அடியில் மூன்று மைனாக் குஞ்சுகள் இருக்க வேண்டும். ஒரு கண்ணை முழுசாக மூடிக்கொண்டு, இன்னொன்றைப் பாதி மூடிக்கொண்டு, துணியின் ஓரத்தைத் தூக்கினார். மஞ்சளாக, பளபளவென்று, மூன்றும் உருகி ஒன்றாக ஒட்டிக் கிடந்தன.

துணியைப் போட்டார். கதவைச் சாத்தினார். எதற்கென்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் தட்டிக் கொடுத்தார்.

மனைவி வருகிற நேரம்.

அந்தக் குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவர்தான். ஏதோ ஆபீஸில் ஏசியின் வெளிப்பெட்டியைச் சுத்தம் செய்யப் போனார். பின்னால் கூடு இருப்பதைப் பார்க்காமல் பெட்டியை இழுத்தார். கூடு பிய்ந்து காற்றில் போனது. இறகுகூட முளைக்காத மூன்று குஞ்சுகள் கையில் மிஞ்சின. டிபன் பையில் போட்டு எடுத்துவந்து, பெரிய வள்ளல் மாதிரி மனைவியிடம் நீட்டினார். அவளுக்கு ஐஸ் வைத்த மாதிரியும் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

மனைவி டெய்லர். எதை எடுத்தாலும் ஒழுங்காகத்தான் செய்வாள். ஒரு செருப்புப் பெட்டி, வெட்டி மிஞ்சிய துணி, மேலே ஒரு சின்ன பல்பு. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே குஞ்சுகளைப் பார்ப்பாள். பல்பைக் கொஞ்சம் தூக்குவாள், கொஞ்சம் இறக்குவாள்.

"வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்தா சூடு அதிகம். ஒண்ணோட ஒண்ணு ஒண்டிக்கிட்டா குளிருது. தள்ளித் தள்ளித் தூங்கினா சரியா இருக்கு. அவ்வளவுதான்."

"நானும் வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் கிடக்கேன். யாரு பாக்குறா?"

"உங்களுக்கு இறக்கை முளைக்கட்டும், பாக்கலாம்."

விஷயம் என்னவென்றால், வீட்டில் இருப்பது ஒரே ஃபேன். காற்று பட்டால் குஞ்சு விறைத்துவிடும் என்று அதை நிறுத்திவிட்டாள். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவர் சொந்த வீட்டில் வெந்துகொண்டிருந்தார். பனியனைப் பிழிந்தால் வாளி நிறையும்.

"குளிரும் ஆகாது, சூடு கூடக் கூடாது. புரியுதா?"

"குளிரும் ஆகாது, சூடுகூடக் கூடாதுன்னா, அப்புறம் என்னதான் கூடும்?"

"உங்க வாய்தான் கூடிக்கிட்டே போகுது."

ஃபேனை மீட்டே தீருவது என்று அன்றைக்கு முடிவெடுத்தார். கடையில் ஒரு பழைய குட்டி ஃபிரிட்ஜ் கிடந்தது. மோட்டார் கழன்றுபோன வெறும் ஓடு. அதைத் தூக்கி வந்தார். மூச்சு விட நாலு ஓட்டை போட்டார். உள்ளே ஒரு பல்பை மாட்டி, ஃபிரிட்ஜில் இருந்த தெர்மோஸ்டாட்டோடு இணைத்தார். குஞ்சு உள்ளே, காற்று வெளியே.

"ஆளே வேண்டாம்," என்றார். "சூடு போதும்னா தானா அணைச்சிடும்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"எத்தனை வருஷமா தெர்மோஸ்டாட் மாத்துறேன், என்னைப் போய் கேக்குறியே."

"குளிர வச்சுப் பாத்திருக்கீங்க. சூடாக்கிப் பாத்திருக்கீங்களா? நான் புதுத் துணியில எடுத்ததும் கத்திரி வைக்கிறேனா? பழசுல வெட்டிப் பாக்குறேன்ல. வெறும் பெட்டியை ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. அப்புறம் குஞ்சை வைக்கலாம்."

"சரி சரி."

ஒரு சரி என்றால் செய்வார். ரெண்டு சரி என்றால் செய்யமாட்டார். இது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில், "ஓட்டிப் பாத்தாச்சு. அருமையா இருக்கு," என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போனாள், எதிர் வீட்டுக்குப் போனாள், வந்தாள். துணி மூடிய கூடையைக் கையில் கொடுத்தாள்.

"இப்பத்தான் தின்னுட்டுத் தூங்குதுங்க. துணியைத் தூக்காதீங்க. நான் பள்ளிக்கூடத்துல சீருடையைக் குடுத்துட்டு வந்துடறேன்."

"அப்ப ஃபேன்?"

"உங்க இஷ்டம்."

இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள். அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பல்பு எரிந்தது. ஃபேன் சுற்றியது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். எழுந்து, தன் கைவேலையைப் பார்த்து ரசிக்கலாம் என்று கதவைத் திறந்தபோதுதான் அந்த அனல்.

இப்போது புரிந்தது. ஃபிரிட்ஜுக்குள் சூடேறினால் தெர்மோஸ்டாட் மோட்டாரைப் போடும், குளிர்ந்தால் நிறுத்தும். அந்த மோட்டார் இருந்த ஒயரில் பல்பை மாட்டியிருந்தார். சூடானால் பல்பு எரியும். எரிந்தால் இன்னும் சூடாகும். குளிரும்வரை அணையாது. அணையும்வரை குளிராது.

கூட்டையும் கலைத்தோம், குஞ்சுகளையும் வேகவைத்துவிட்டோம் என்று அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வருத்தம் போய், பொய் வந்தது.

"குஞ்சுங்க எப்படி இருக்கு?"

"பறந்து போச்சு."

"இறகே முளைக்கலையே."

"எனக்கும் அதான் ஆச்சரியம்."

"மூணுமா?"

"ஒண்ணு கிளம்புச்சு. மத்த ரெண்டும் நாங்களும் வர்றோம்னு கூடவே போச்சு."

"ஃபிரிட்ஜ் கதவு சாத்தியிருக்கே."

"போகும்போது சாத்திட்டுப் போச்சுங்க."

"நல்ல வளர்ப்பு," என்றாள் அவள். "எதுவும் சொல்லிச்சா?"

"உன்னை ரொம்ப விசாரிச்சதா சொல்லச் சொல்லிச்சு."

அப்போது எதிர் வீட்டு அக்கா செருப்புப் பெட்டியோடு உள்ளே வந்தாள்.

"இந்தா தம்பி, உன் வீட்டு ஆளுங்க. பசியில என்ன கத்து கத்துது."

பெட்டிக்குள் மூன்று வாய்கள் திறந்திருந்தன. மெக்கானிக் தன்னுடையதையும் சேர்த்து நாலாக்கினார்.

மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையை வெளியே எடுத்து, துணியை உரித்தாள். "நூல்ல பூசுற மெழுகு. குஞ்சு அளவுக்கு மூணு உருண்டை பிடிச்சு வச்சேன். அதுங்களுக்கு ஏத்த சூட்டுல இது உருகாது. எவ்வளவு கூடினா இப்படி வழியும்னு பாத்துக்குங்க."

"தம்பிக்குத்தான் குளிர் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன்," என்றாள் எதிர் வீட்டு அக்கா. "ஃபிரிட்ஜுக்கும் போச்சா?"

மனைவி ஃபேனை நிறுத்தினாள். செருப்புப் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, பல்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மெஷினில் உட்கார்ந்தாள். மெக்கானிக்குக் கழுத்தோரம் வேர்க்க ஆரம்பித்தது.

வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவரும் அதைத்தான் செய்திருக்கிறார். செய்யாமல் ஏமாற்றிவிட்டதாகத்தான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தார்.