நெட் நின்றுபோன மாமா

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அப்புறம் 'தெரியாது' என்ற சொல் நாக்கில் வரவே வராது. என் கல்யாணம் நிற்க இருந்தது அந்த நாக்கால்தான்.

கோவை சரவணம்பட்டியில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்து விற்கும் கடையில் எனக்கு வேலை. நிச்சயம் முடிந்ததும் வருங்கால மாமனாருக்கு ஒன்றைத் தயார்செய்தேன். பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்பவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு வார்த்தை தடித்துப்போனால் சொந்தத் தம்பியென்றும் பாராமல் உறவை முறித்துக்கொள்பவர். கம்ப்யூட்டரைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார். ஒரே மகள் சுகன்யா. அவள் கோவைக்கு வந்த பிறகும் தினம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. (ஆசை அவருடையது, பெருமையடிக்கும் வாய்ப்பு என்னுடையது.)

குறைந்த செலவில் அருமையாக வந்திருந்தது. திரையில் நான்கே படங்கள், எழுத்தெல்லாம் பஸ் போர்டு அளவுக்கு. அழைப்பு வந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். பழக்கும்போது அவர் ஒவ்வொரு முறையும் சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கட் செய்துகொண்டிருந்ததால், அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டேன். காமிரா முன்னால் ஆடாமல் உட்கார்ந்தால் போதும், முடிந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தேன்.

கல்யாணம் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து நானும் அம்மாவும் அவரோடு பேசினோம். மண்டபம், பத்திரிகை, பந்தி எல்லாம் பேசியாயிற்று. "சரிங்க மாமா, வாரேனுங்க" என்றேன். "சரிங்க மாப்பிள்ளை" என்றார். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகத்தில் அடித்த மாதிரி நான் எப்படி முதலில் கட் செய்வது? அவரே செய்யட்டும் என்று மரியாதையாக எழுந்துவிட்டேன். அதற்கு அவரிடம் பொத்தானே இல்லை என்பது நினைவில்லை. (எடுத்தவனே நான்தான்.)

சற்றுப் பொறுத்து அம்மா கேட்டாள், "ஏன்டா கண்ணு, அவரு இன்னுந் தெரியறாரு?"

பார்த்தேன். சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நெட் நின்னுருச்சும்மா. அது வெறும் படம்" என்றேன், நிபுணர் தோரணையில்.

அம்மாவுக்கு அது போதும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நிச்சயத்திலிருந்து அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அந்தப் படத்திடமே கேட்க ஆரம்பித்தாள். அவர் வீட்டு விருந்தில் போட்ட ஒப்புட்டை, அதாவது பருப்புப் போளியை, கடிக்கப்போய்ப் பல் ஆடியதைக் கேட்டாள். தன் தறி, தன் தோட்டம், தன் பெருமை என்று அவர் பேசிக்கொண்டே இருந்ததில், வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க மறந்ததைக் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "நல்லாக் கேளும்மா" என்று எடுத்துக்கொடுத்தேன் வேறு.

பிறகு அவள் குரல் இறங்கியது. "எம் பையனப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்கண்ணா. ஒரு டம்ளரக் கழுவி வெக்க மாட்டான். எல்லாந் தெரிஞ்ச மாதிரி பேசுவான். உங்க பொண்ண நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்குது. நாந்தான் அவளப் பாத்துக்கோணும்."

அப்போதுதான் அவருக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டர் என் கண்ணில் பட்டது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது.

நின்றுபோன படத்தில் காலண்டர் எப்படி ஆடும்? ஒரு வார்த்தையையே பொறுக்காத மனிதர். அம்மா பேசியது என்ன, ஒரு வார்த்தையா?

அம்மாவின் கையைக் கிள்ளினேன். ஏன்டா கிள்ளுகிறாய் என்றாள். கண்ணால் காலண்டரைக் காட்டியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. இப்போது கட் செய்தால் எல்லாம் முடிந்தது. செய்யாமல் இருந்தால் என்ன பேசுவது? சுகன்யா எனக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்று உண்மையிலேயே பயந்துபோனேன். பொத்தான்மேல் வைத்த விரலை எடுக்கவுமில்லை, அமுக்கவுமில்லை. மூன்று பேரும் அசையவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார்.

"ஒப்புட்டு கல்லாட்டந்தானுங்க இருந்துது தங்கச்சி. தண்ணி குடுக்காதது எந் தப்புத்தானுங்க." கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "ஒத்தப் புள்ளைய எங்க கொண்டுபோய் உட்டுப்போடறமோன்னு எனக்கு இத்தன நாளாத் தூக்கமில்லீங்க. நாந்தான் பாத்துக்கோணும்னு சொன்னீங்க பாருங்க, அது போதுமுங்க."

அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள், அழுதாள். நானும் அழுதேன். நான் எடுத்துக்கொடுத்ததையும் அவர் கேட்டிருப்பாரே என்ற அழுகை அது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால், மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். சுகன்யா என்னைப் பார்த்துக்கொண்டே, "நெட் நின்னுருச்சுங்களா அத்தை?" என்று மெல்லக் கேட்பாள். அம்மா உடனே என் சோம்பேறித்தனத்தை எடுத்துவைக்க ஆரம்பிப்பாள்.

கண்ணைத் திறக்காமலே மாமா சொல்வார், "கேக்குதுங்க தங்கச்சி. சொல்லுங்க."