கட்டம் போட்ட சட்டையில் ஒரு கழுதை

ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற தையல்காரன் நான். என்னை அளவெடுத்து வைத்திருப்பவள் ஒருத்திதான். என் மனைவி.

அவள் படம் வரைகிறவள். படத்தில் மனுஷ உடம்பு இருக்கும், மனுஷத் தலை இருக்காது. தீர்மானத்தைப் படிக்காமலே கை தூக்குகிற எருமைகள். மேஜைக்கு அடியில் கை நீட்டுகிற பூனை. பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான், அந்தப் புதுப் படத்தைப் பார்க்கிற வரைக்கும்.

நாற்காலியில் ஒரு ஆள். கால்மேல் கால். மைக்கை விடாப்பிடியாகப் பிடித்திருக்கிறான். தலை இன்னும் போடவில்லை. ஆனால் சட்டை? நீலக் கட்டம். பையில் கட்டத்தோடு கட்டம் பிசகாமல் சேர்ந்திருக்கிறது. என் கைவேலை. என் சட்டை! சட்டைக்கை மட்டும் முழங்கைக்கு மேலேயே நின்றிருந்தது. மீதியை அப்புறம் வரைவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுக்கு என்ன தலை வைக்கப்போற?"

"கழுதை."

"ஐயோ, என் வாடிக்கைக்காரங்க பூரா உன் படக் கண்காட்சிக்கு வருவாங்களேம்மா! கழுதைகிட்ட எவன் அளவு குடுப்பான்?"

"பத்து நாள் இருக்குல்ல, யோசிப்போம். பாத்திரம் வேற கிடக்கு."

எனக்கு ஜாடை போதும். பத்தே நாளில் இவளைக் கவிழ்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வாசல் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன்.

"சிங்கமா போடேன்மா."

"சிங்கமா?"

"ஆமா. பிடரியெல்லாம் நல்லா அடர்த்தியா."

"பாக்கலாம். குக்கர் அடியில கருப்பு அப்படியே இருக்கு பாருங்க."

கண்காட்சியன்று அவளே என் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துவைத்தாள். அதே நீலக் கட்டம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

நாற்காலியில் கழுதைதான் உட்கார்ந்திருந்தது. ஆனால் மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பேனா. மைக் கிடைத்தால் விடாத எங்கள் தெருச் சங்கச் செயலாளர்!

"அவரா?"

"ஆரம்பத்துலேர்ந்தே அவர்தாங்க. அவர் குடுத்த துணியில மிச்சம் பிடிச்சுத்தானே நீங்களும் ஒண்ணு தைச்சுக்கிட்டீங்க?"

எனக்கே மறந்துபோயிருந்த சங்கதி அது.

"மெதுவா பேசு! அப்போ சிங்கம்?"

பக்கத்துச் சுவரைக் காட்டினாள். சிங்கம் இருந்தது. பிடரியை ரிப்பனால் கட்டிக்கொண்டு, நீலக் கட்டச் சட்டையின் முழுக்கை நனைய நனைய, குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தது. கூட்டமெல்லாம் அங்கேதான்.

"நீங்கதானே கேட்டீங்க?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

அந்நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். கழுதையைப் பார்த்துக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "இப்படி ஒருத்தன் எல்லாத் தெருவுலயும் இருக்கான் மாஸ்டர்!" என்று என் முதுகில் தட்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிறகு சிங்கத்திடம் போனார். அதன் சட்டையைப் பார்த்தார். திரும்பி என் சட்டையைப் பார்த்தார்.

"மாஸ்டர், துணி பத்தலைன்னு எனக்கு அரைக்கை தைச்சீங்க. சிங்கத்துக்கு மட்டும் முழுக்கைக்குப் பத்திடுச்சா?"