பச்சை பிடித்த தலை

தலையணையைப் பார்த்ததும் தமிழரசன் பதறி எழுந்து உட்கார்ந்தான். யாருக்கும் தெரியாமல் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், பின்தலையில் பறித்து முன்தலையில் நட்டுக்கொண்டு வந்த முடி, இருபத்தோராம் நாளே கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்தது.

முகமூடி போட்ட நாலு பெண்கள் வரிசை பிடித்து நட்ட முடி! அப்படியொரு நேர்த்தியான நடவைத் திருமானூரில் எந்த வயலிலும் அவன் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்கும் நாள். அரும்பாவூர் ஜெயசித்ரா, திருச்சியில் வேலை பார்க்கிறவள். போட்டோவைப் பார்த்த நிமிடமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்திருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"திருமானூர் தமிழரசன் பேசுறேங்க. நட்டதெல்லாம் போச்சுங்க!"

"பதறாதீங்க சார். மேல இருக்கற முடிதான் உதிரும், வேரு உள்ளயே இருக்கு. தோல்ல ரத்த ஓட்டம் புடிச்சதும் மூணு மாசத்துல தானா முளைக்கும்," என்றது ஒரு பெண் குரல். "நீங்களா எதையும் தடவாதீங்க. முக்கியமா வெங்காயச் சாறு!"

நட்டது வேர் பிடித்துப் பச்சை பிடிக்காமல் வாடும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்க ஒரு விவசாயியால் முடியுமா? ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை அரைத்து அப்பினான். தலை எரிந்து சிவந்தது. வீடே நாறியது. மறைக்கத் துண்டு கட்டினான்.

"என்னடா தலையில?" என்றாள் அம்மா செங்கமலம்.

"காய்ச்சம்மா."

பெண் பார்ப்பது தள்ளிப்போனது. அவன் தினமும் வெங்காயம் அரைத்தான், துண்டும் இறங்கவில்லை. இதென்ன விடாத காய்ச்சல் என்று பயந்துபோன செங்கமலம், பிள்ளைக்குக் குணமானால் அவனுக்கு மொட்டை போடுவதாகக் குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தவன் துள்ளிக் குதித்தான். முன்தலை முழுக்கக் கறுப்பாக ஊசி ஊசியாக முளைத்திருந்தது.

"அம்மா! பச்ச புடிச்சிருச்சு!" துண்டை உருவி வீசினான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"காய்ச்ச போயிருச்சா? கெளம்புடா கோயிலுக்கு! பொண்ணு வூட்டையும் அங்கயே வரச் சொல்றேன்."

பெண் வீட்டார் வந்து இறங்கிய நேரம், சவரக்கத்தி அவன் நெற்றியைத் தொட்டது.

"வேணாங்க! இப்பதாங்க முளைச்சுது!" இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அலறினான் தமிழரசன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயசித்ரா வந்தாள். குனிந்து அவன் தலையைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"கையை எடுங்க, வழிச்சாலும் வேரு உள்ளயே இருக்கும். அதுசரி, வெங்காயம் வேணாம்னு அன்னிக்கே போன்ல சொன்னேனா இல்லையா?"