மடை திறக்க ஐந்து பேர்

ஒரு தேசத்துக்கு ஒரே ஒரு ராஜா எதற்கு என்ற கேள்வி இதுவரை எந்த ராஜாவுக்கும் தோன்றியதில்லை. குடைநாட்டு மன்னர் கோப்பெருங்குடையாருக்குத் தோன்றியது. மறுநாளே முரசு அறைந்தார்கள். விதைநெல்லை அரண்மனையில் கொடுத்துவிட்டுத் தங்கக் காகிதம் ஒட்டிய குடை ஒன்றை எவர் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குடைக்குக் கீழே ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் அவரும் ராஜாதான். அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்தால் அவர்களும் ராஜாக்கள். இப்படியே போனால் உழைப்பதற்கு ஆளே இல்லாத உன்னத நாடாக ஆகிவிடலாம் என்று மந்திரி நன்னயத்தார் தழுதழுத்த குரலில் சொன்னபோது, கூட்டத்தில் பாதிப் பேர் அழுதே விட்டார்கள்.

அழுதவர்களில் வடிவும் ஒருத்தி. நாற்று நட்டு நட்டு வளைந்த முதுகு அவளுக்கு. குடையைக் கையில் வாங்கியதும் அந்த முதுகு நிமிர்ந்துகொண்டது. வாரத்தில் மூன்று நாள் அரண்மனைத் திடலில் கூட்டம் நடக்கும். செண்டை, கொம்பு, குலவை என்று ஒரே அமளி! கை சிவக்கச் சிவக்கத் தட்டுவாள். மேடையேறி, "நேத்து வரைக்கும் நான் சேத்துல நின்னவ! இன்னைக்கு ராணி ஆகப் போறவ!" என்று அவள் கத்தியபோது திடலே எழுந்து நின்றது. வாழ்நாளில் அவளுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. எப்படி மயங்காமல் இருப்பாள்?

ஒரே மாதத்தில் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளுக்காகத் தம்பி மாசானத்தைத் தேடிக் குளத்தங்கரைக்கு ஓடினாள். பெரிய குளத்து மடைக்காரன் அவன். தண்ணீர் ஏறினால் கொம்பு ஊதுவான். எங்கிருந்தாலும் ஐந்து பேர் ஓடிவந்து கயிற்றை இழுத்து மடைப்பலகையைத் தூக்குவார்கள். நான்கு பேருக்கு அசையாத பலகை அது.

"யக்கா, நான் ராசாவாயிட்டா மடைய யாரு பாப்பா?" என்றான் மாசானம்.

"ஏல, எதிர்மறையாப் பேசாத! ஒனக்குக் கீழ அஞ்சு பேரு வருவான்லா, அவன் பாத்துக்கிடுவான்."

அக்கா சொல்லை அவன் தட்டியதே இல்லை. கொம்பை மடைக்கல்லில் மாட்டிவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டான். அன்றைக்கே வடிவு ராணியானாள். அட்டைக் கிரீடத்தோடு அவளை ஊர்வலமாக அழைத்துப் போனபோது, தரையில் கால் பாவுவதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

ஆறே மாதத்தில் நாடு முழுக்க ராஜாக்கள். கீழே சேர்க்கத்தான் ஆள் இல்லை. பிறக்கப்போகும் பிள்ளைகளையும் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம் என்று மந்திரி சலுகை அறிவித்தார். விதைநெல் போனதால் நடவு இல்லை, நடவு இல்லாததால் சோறில்லை. "பசி என்ற சொல் இன்றோடு ஒழிக்கப்படுகிறது. இனி அதை முன்னேற்றத்தின் முதல் ருசி என்று வழங்க வேண்டும்" என்று அடுத்த ஆணை வந்தது. ஐந்து பேர் கிடைக்காதவர்களின் கனவில்தான் கோளாறு என்று கண்டறியப்பட்டு, அவர்கள் கூடுதலாக இரண்டு கூட்டங்களுக்கு வந்து கைதட்ட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஐந்து பேர் இருந்தும் வடிவும் வெறும் வயிற்றோடு தட்டினாள். மற்றவர்களை விட ஓங்கியே தட்டினாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாளாக விடவே இல்லை. நான்காம் நாள் காலை, ஓங்கித் தட்டியவர்களுக்கான பேரரசிப் பட்டம் வாங்கக் கரை வழியாகப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் கரையின் உதட்டுக்கு வந்திருந்தது. கொம்பு மட்டும் மடைக்கல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. கரை உடைந்தால் கீழே இருக்கும் நானூறு வீடும் போய்விடும். ஐயோ, அந்தக் கொம்பை அங்கே மாட்ட வைத்தது நான்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கொம்பு ஊதினாலும் திடலின் செண்டைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? திடலுக்கு ஓடினாள். "வெள்ளம் வருது! வெள்ளம்!"

மந்திரி கையை உயர்த்தினார். "அம்மணி, வெள்ளம் என்பது எதிர்மறைச் சொல். நீர்வளம் என்று சொல்லிப் பழகுங்கள்."

"எனக்கு ஆளு வேணும்!"

திடல் ஆரவாரித்தது. ஒவ்வொரு ராஜாவும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "யாருக்குக் கீழ?" மேடையிலிருந்த மாசானமும் சிரித்தபடி அதையே கேட்டான்.

வடிவு கிரீடத்தைக் கழற்றிச் சேற்றில் எறிந்தாள். "நான் உங்களுக்குக் கீழ வாரேன்! யாருக்கு வேணும் ஆளு?"

இந்த வார்த்தையை அந்த நாட்டில் யாரும் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. அடுத்த நொடி நான்கு ராஜாக்கள் குடையோடு அவள் மேல் பாய்ந்தார்கள். "எனக்கு! எனக்கு!" அவள் ஓடினாள், அவர்கள் துரத்தினார்கள். "முதல்ல கயிறு, அப்புறம் குடை!" என்று கரையில் நின்று கத்தினாள். ஐந்து பேரும் இழுத்தார்கள். பலகை முனகியது, அசைந்தது, தூக்கிக்கொண்டது! தண்ணீர் வாய்க்காலில் திமிறிப் பாய, உள்ளங்கை தோலுரிந்த வடிவு கெக்கெக்கென்று சிரித்தாள். ராணியான அன்றுகூட அவள் இப்படிச் சிரித்ததில்லை.

தகவல் அரண்மனைக்குப் போனது. ஒருத்தி தாழ்ந்து நின்றதும் நான்கு மன்னர்கள் ஓடினார்களாமே என்று மந்திரி இரவெல்லாம் யோசித்தார். விடிந்ததும் முரசு ஒலித்தது. ராஜா என்ற பட்டம் ஒழிந்தது. இனி எல்லோரும் மக்கள் சேவகர்கள். குடை அதேதான், மேலே புதுக் காகிதம் ஒட்டித் தரப்படும். ஐந்து பேரைச் சேர்ப்பவர் முதுநிலைச் சேவகர்.

அன்று மாலை மாசானம் கரைக்கு ஓடிவந்தான். நெஞ்சில் கை வைத்து இடுப்பு வரை குனிந்தான். அவனைப் பார்த்ததும் வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வந்துட்டியால! இனும எங்கயும் போவாத. வானத்தப் பாரு, மறுபடி கறுக்குது. இந்தா, கயித்தப் பிடி."

அவன் பணிவோடு நிமிர்ந்தான். கயிற்றைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"சேவ செய்யத்தானக்கா வந்திருக்கேன்," என்றான் மாசானம். "யாருக்குக் கீழ?"